உயிரியல் தரவு ஒருங்கிணைப்பு

உயிரியல் தரவு ஒருங்கிணைப்பு என்பது, வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களுக்காக, வெவ்வேறு அமைப்புகளில் உருவாக்கப்பட்ட உயிரியல் தரவுத்தளங்களில் உள்ள தகவல்களை ஒரே கேள்விக்கு விடை தரும் வகையில் இணைக்கும் பணியாகும். இது உயிர்த்தகவலியலின் ஒரு கிளையாகக் கருதப்படுகின்றது. மரபணு வரிசைகள், புரதங்களின் முப்பரிமாண அமைப்புகள், வேதிச் சேர்மங்கள், நோய்கள், தாவரங்கள், ஆய்விதழ்க் கட்டுரைகள் ஆகியவை தனித்தனித் தளங்களில் சேமிக்கப்பட்டுள்ளன. "காய்ச்சலுக்குப் பயன்படும் தாவரங்களுள் எவற்றின் வேரில், குறிப்பிட்ட ஒரு புரதத்துடன் பிணையக்கூடிய சேர்மம் உள்ளது?" என்ற கேள்விக்கு விடை காண இவற்றுள் மூன்று நான்கு தளங்களையேனும் ஒன்றாக வாசிக்க வேண்டும்.

தரவுத்தளப் பாடத்தைப் படித்த பொறியியல் மாணவருக்கு இது எளிய வேலையாகத் தோன்றக்கூடும். இரண்டு அட்டவணைகளுக்கும் பொதுவான ஒரு புலத்தைக் கண்டுபிடித்து, அதன் வழியாக அவற்றை இணைக்கும் கட்டளை ஒன்றை எழுதினால் போதும் என்று அவர் எண்ணுவார். ஆனால் உயிரியலில் அத்தகைய பொதுவான புலம் பெரும்பாலும் இருப்பதில்லை. இருப்பதுபோல் தோன்றும் இடங்களிலும் அது இரு தளங்களிலும் ஒரே பொருளைக் குறிப்பதில்லை. கோப்பு வடிவங்களை மாற்றுவது சில நாள் வேலை. இரண்டு பதிவுகள் ஒரே பொருளைப் பற்றியவையா என்று தீர்மானிப்பதோ ஆண்டுக்கணக்கில் நீள்வது. இத்துறையின் கடினமான பகுதியும் அதுவே. சென்னையில் நடைபெற்ற இரண்டு பணிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகளாகும். ஒன்று தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் மூலிகைத் தரவுத்தளம்; மற்றொன்று அடையாற்றை ஒட்டிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் புரத நிலைப்புத் தரவுத்தளம்.

பின்னணி

புரதத் தரவு வங்கி 1971இல் ஏழே புரத அமைப்புகளுடன் தொடங்கியது. மரபணு வரிசைகளுக்கான ஐரோப்பிய, அமெரிக்க, சப்பானியத் தளங்கள் 1980களில் உருவாயின. இம்மூன்றும் தமக்குள் தரவுகளை நாள்தோறும் பரிமாறிக்கொள்வதால், ஒன்றில் இட்ட வரிசை மற்ற இரண்டிலும் கிடைக்கின்றது. தொடக்கத்திலேயே உடன்பாடு கண்ட அரிய நிகழ்வு இது. புரத வரிசைகளுக்கு 1986இல் சுவிஸ்-புரோட் தளம் தொடங்கப்பட்டது. பின்னர் அது வேறு இரு தளங்களுடன் சேர்ந்து 2002இல் யூனிபுரோட் என்ற கூட்டமைப்பின் கீழ் வந்தது.

இவற்றுக்கு வெளியே நிலைமை வேறு. ஓர் உயிரினம், ஒரு நொதிக் குடும்பம், ஒரு நோய் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தளம் தோன்றியது. உயிரியல் ஆய்விதழ்களுள் ஒன்றான 'நியூக்ளிக் ஆசிட்ஸ் ரிசர்ச்', ஆண்டுதோறும் சனவரியில் தரவுத்தளங்களுக்கென்றே ஒரு சிறப்பிதழ் வெளியிடும் அளவுக்கு இவை பெருகின. ஒவ்வொரு தளத்தையும் உருவாக்கியோர் தம் ஆய்வுக்கு வேண்டிய புலங்களை மட்டும் அமைத்துக்கொண்டனர். பிறிதொருவர் பின்னாளில் தம் அட்டவணையை இன்னோர் அட்டவணையுடன் பொருத்த முயல்வார் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஆய்வு நிதி முடிந்ததும் தளம் இற்றைப்படுத்தப்படாமல் நின்றுவிடுவதும் வழக்கம். அத்தகைய தளத்தில் இருந்து எடுக்கப்பட்ட நகல்கள் மட்டும் வேறு தளங்களில் தொடர்ந்து உலவும்.

முரண்பாடுகள்

மிகச் சிறிய முரண்பாடு எண்ணும் முறையில் தொடங்குகின்றது. மரபணுத்தொகுதியில் ஓர் இடத்தைக் குறிக்கப் பயன்படும் 'பெட்' என்ற கோப்பு வடிவம் சுழியத்திலிருந்து எண்ணுகின்றது. 'ஜிஎஃப்எஃப்' என்ற வடிவம் ஒன்றிலிருந்து எண்ணுகின்றது. ஒரு நிறப்புரியின் முதல் நூறு எழுத்துகள் முதலாவதில் 0 முதல் 100 வரை என்றும், இரண்டாவதில் 1 முதல் 100 வரை என்றும் எழுதப்படும். இதைக் கவனியாமல் இணைத்தால் ஒவ்வோர் இடமும் ஓர் எழுத்து தள்ளிப்போகும். நிரல் எந்தப் பிழைச்செய்தியும் தராது. மரபணு மாற்றம் ஒன்று எந்த எழுத்தில் நிகழ்ந்தது என்பதே கேள்வியாக இருக்கும்போது, ஓர் எழுத்துப் பிழை முழுப் பிழையாகும்.

அடுத்தது பதிப்பு. மனித மரபணுத்தொகுதியின் மேற்கோள் வரிசை 2009இல் ஜிஆர்சிஎச் 37 என்ற பதிப்பாகவும், 2013இல் ஜிஆர்சிஎச் 38 என்ற பதிப்பாகவும் வெளியிடப்பட்டது. ஒரே மரபணுவின் இருப்பிட எண் இவ்விரண்டிலும் வேறுபடும். எந்தப் பதிப்பைக் கொண்டு எழுதப்பட்டது என்று குறிப்பிடாத ஒரு கோப்பு, ஆண்டு குறிப்பிடாத பஞ்சாங்கத்தைப் போன்றது.

பெயர்களில் எழும் முரண்பாடு இதைவிடப் பெரிது. புற்றுநோய் ஆய்வில் அடிக்கடி பேசப்படும் பி53 என்ற புரதத்தின் மரபணு மனிதரில் டிபி53 என்றும், சுண்டெலியில் டிஆர்பி53 என்றும் பெயர் பெறுகின்றது. பெயர்களைச் செப்பமாக எழுதினாலும் கருவி அவற்றைக் கெடுத்துவிடுவதுண்டு. செப்ட்2, மார்ச்1 என்ற குறியீடுகளைக் கொண்ட மனித மரபணுக்களை எக்செல் விரிதாளில் இட்டபோது, மென்பொருள் அவற்றைச் செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதிகளாக மாற்றிவிட்டது. இச்சிக்கல் 2004லேயே ஆய்விதழில் சுட்டிக்காட்டப்பட்டது. ஆயினும் 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியல்களை விரிதாளாக இணைத்திருந்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருந்ததைக் கண்டது. இறுதியில் 2020இல் மரபணுப் பெயரிடும் குழுவே விட்டுக்கொடுத்து, அம்மரபணுக்களுக்குச் செப்டின்2, மார்ச்எஃப்1 என்ற வகையில் புதுக் குறியீடுகளை வழங்கியது. இத்தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023இல் சேர்த்தது. இப்போது பழைய கட்டுரைகளில் பழைய குறியீடும், புதியவற்றில் புதிய குறியீடும், பிழையான விரிதாள்களில் தேதியும் உள்ளன. ஒருங்கிணைப்பவர் மூன்றையும் அறிந்திருக்க வேண்டும்.

இணைக்கும் முறைகள்

பொதுவாக மூன்று முறைகள் கையாளப்படுகின்றன. எல்லாத் தளங்களின் தரவுகளையும் படியெடுத்து, ஒரே வடிவுக்கு மாற்றி, ஓரிடத்தில் சேமிப்பது களஞ்சிய முறை. இதில் தேடல் விரைவாக நடைபெறும். ஆனால் மூலத் தளம் மாறும்போதெல்லாம் களஞ்சியமும் மாற வேண்டும். தரவுகளை அவற்றின் இடத்திலேயே விட்டுவிட்டு, கேள்வியைப் பல தளங்களுக்கும் பகிர்ந்தனுப்பி விடைகளைத் தொகுப்பது கூட்டிணைப்பு முறை. இதில் தரவு புதிதாக இருக்கும். ஒரு தளம் செயலிழந்தால் கேள்வியும் நின்றுவிடும். மூன்றாவது, ஒவ்வொரு பதிவிலும் பிற தளங்களின் அடையாள எண்களை இணைப்பாகத் தருவது. பெரும்பாலான பயனர்கள் நாள்தோறும் பயன்படுத்துவது இதைத்தான். எந்த முறையைத் தேர்ந்தாலும் 'இதுவும் அதுவும் ஒன்றா?' என்ற கேள்விக்கு யாரேனும் முன்கூட்டியே விடை சொல்லியிருக்க வேண்டும்.

இம்பாட்: மூலிகைகளின் தரவுத்தளம்

கணித அறிவியல் நிறுவனம் 1962 சனவரி 3 அன்று தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர் அல்லாடி இராமகிருட்டிணன் அதற்கு முன்னர் மயிலாப்பூரிலுள்ள தம் குடும்ப இல்லமான ஏகாம்ர நிவாசில் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்குகளை நடத்தி வந்தார். தூய கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் பெயர்பெற்ற அந்நிறுவனத்தில் பின்னர் கணக்கீட்டு உயிரியலும் ஆய்வுத் துறையாயிற்று. அங்குள்ள அரீஜித் சமல் குழுவினர் இந்திய மருத்துவத் தாவரங்கள், அவற்றின் வேதிப்பொருள்கள், மருத்துவப் பயன்கள் ஆகியவற்றை இணைத்து இம்பாட் என்ற தரவுத்தளத்தை உருவாக்கினர். 2018இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் அறிவிக்கப்பட்ட முதற் பதிப்பில் 1742 தாவரங்களும், 9596 தாவர வேதிப்பொருள்களும், 1124 மருத்துவப் பயன்களும் இடம்பெற்றன. 2023இல் 'ஏசிஎஸ் ஒமேகா' இதழில் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் தாவரங்கள் 4010 ஆகவும், வேதிப்பொருள்கள் 17,967 ஆகவும் உயர்ந்தன. இரண்டாம் பதிப்புக்காக மரபு மருத்துவம் பற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களும், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளும் பயன்படுத்தப்பட்டன. தரவு கணினியில் இருந்ததைவிட அச்சில் இருந்ததே மிகுதி என்பது இதனால் விளங்கும்.

தாவரப் பெயர்

மயிலாப்பூர்க் கச்சேரி சாலையிலுள்ள டப்பா செட்டிக் கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகளில் சரக்குகள் தமிழ்ப் பெயரால் கேட்கப்பட்டுத் தமிழ்ப் பெயரால் விற்கப்படுகின்றன. வாங்குபவரும் விற்பவரும் ஒரே மரபைச் சேர்ந்தவர்களாதலால் அங்கே பெயர் போதுமானது. அதே பெயர் நூலில் ஏறி, நூலிலிருந்து தரவுத்தளத்துக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகின்றது.

டெங்குக் காய்ச்சல் பரவும் காலங்களில் தமிழக அரசு வழங்கி வந்துள்ள நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள் உள்ளன. அவற்றுள் ஒன்று பற்பாடகம். தமிழகச் சித்த மருத்துவத்தில் இது மொல்லுகோ செர்வியானா என்ற சிறு செடியைக் குறிக்கும். இதே சொல்லின் வடமொழி வடிவமான பர்ப்பட என்பது வட இந்திய ஆயுர்வேதத்தில் ஃபுமேரியா இனச் செடியையும், கேரளத்தில் ஓல்டன்லாண்டியா கோரிம்போசா என்ற செடியையும் குறிக்கின்றது. மூன்றும் வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. மூன்று நூல்களும் தம்மளவில் சரியானவை. பெயரைக் கொண்டு மூன்றையும் இணைக்கும் நிரல்தான் தவறானது.

பிரம்மி என்ற பெயரும் இத்தகையதே. தென்னாட்டில் நீர்ப்பிரம்மி எனப்படும் பாகோபா மொன்னியேரியும், வல்லாரை எனப்படும் சென்டெல்லா ஆசியாட்டிகாவும் இந்தியாவின் வெவ்வேறு பகுதிகளில் இப்பெயரைப் பெற்றுள்ளன. முதலாவதில் பாகோசைடுகளும், இரண்டாவதில் ஆசியாட்டிகோசைடும் முதன்மைச் சேர்மங்களாகும். இரண்டையும் பிரம்மி என்ற ஒரே பதிவில் சேர்த்தால், இரு சேர்மங்களையும் கொண்ட ஒரு தாவரம் தரவுத்தளத்தில் பிறந்துவிடும். அப்படியொரு செடி எந்தக் குளக்கரையிலும் முளைப்பதில்லை.

ஆகவே அறிவியற் பெயரைக் கொண்டு இணைக்க வேண்டும் என்பது வெளிப்படை. ஆனால் அறிவியற் பெயர்களும் நிலையானவை அல்ல. லின்னேயசு 1753இல் வேம்புக்கு மெலியா அசாடிராக்டா என்று பெயரிட்டார். 1830இல் அது அசாடிராக்டா இண்டிகா என்று மாற்றப்பட்டது. இன்று ஏற்கப்பட்ட பெயரும் அதுவே. லின்னேயசு அதே ஆண்டில் வேறொரு மரத்துக்கு மெலியா அசெடராக் என்று பெயரிட்டிருந்தார். அது வேம்பு அன்று. தமிழில் மலைவேம்பு என வழங்கும் மரங்களுள் ஒன்று. அதன் கனிகள் நச்சுத்தன்மை உடையவை. உரோம எழுத்தில் இவ்விரு பெயர்களின் பின்பகுதிகளுக்கு இடையே நான்கு எழுத்துத் திருத்தங்களே உள்ளன. எழுத்துப்பிழைகளைத் தானாகத் திருத்தி ஒத்த சொற்களை இணைக்கும் நிரல், வரம்பு சற்றுத் தளர்வாக இருந்தால், பழைய நூலில் உள்ள வேம்பை மலைவேம்பாக்கிவிடும். மலைவேம்பு என்ற தமிழ்ப் பெயரோ மெலியா டூபியா என்ற மூன்றாவது மரத்துக்கும் வழங்குகின்றது.

இதனால் இம்பாட் போன்ற பணிகளில் நூல்களில் காணும் ஒவ்வொரு பெயரும், உலகத் தாவரப் பெயர்களைத் தொகுத்துள்ள தளங்களுடன் ஒப்பிடப்பட்டு, ஒத்தபெயர்கள் அனைத்தும் ஏற்கப்பட்ட ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவரப்படுகின்றன. இம்பாட் முதற் பதிப்பு 'தி பிளாண்ட் லிஸ்ட்' என்ற தொகுப்பைப் பயன்படுத்தியது. ஐயத்துக்குரிய இடங்களை மனிதரே படித்துத் தீர்க்க வேண்டியிருக்கின்றது. இதன் கட்டுரையில் 'கையால் தொகுக்கப்பட்டது' என்று குறிக்கப்படுவது பெருமைக்காக அன்று; அதுவே இத்தரவின் தகுதியைக் கூறுவதாகும்.

வேதிப்பொருள்

சேர்மங்களுக்கும் பல பெயர்கள் உண்டு. மஞ்சளில் உள்ள குர்க்குமின் வேதியியல் நூல்களில் டைஃபெருலாயில்மீத்தேன் என்றும், உணவுச் சேர்க்கைப் பட்டியலில் ஈ100 என்றும், சாயத் தொழிலில் இயற்கை மஞ்சள் 3 என்றும் வழங்குகின்றது. பெயருக்குப் பதிலாக மூலக்கூற்றின் அமைப்பைக் கொண்டு இணைப்பது தாவரங்களுக்கு இல்லாத ஒரு வசதி. அமைப்பிலிருந்தே கணக்கிடப்படும் 27 எழுத்துக் குறியீடான இன்ச்சி சாவி இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. ஒரே அமைப்பை யார் எங்கு கணக்கிட்டாலும் ஒரே சாவி கிடைக்கும்.

ஆயினும் எது ஒரே அமைப்பு? கார்வோன் என்ற சேர்மத்துக்கு, ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாக அமைந்த இரு வடிவங்கள் உள்ளன. ஒன்று புதினாவின் மணத்தைத் தருகின்றது. மற்றொன்று கேரவே விதையின் மணத்தைத் தருகின்றது. இன்ச்சி சாவியின் முதல் 14 எழுத்துகள் அணுக்களின் இணைப்பை மட்டும் குறிப்பதால் அப்பகுதி இரண்டுக்கும் ஒன்றே. திசை வேறுபாடு அடுத்த பகுதியில்தான் வெளிப்படும். முதற் பகுதியைக் கொண்டு இணைத்தால் இரு மணங்களும் ஒன்றாகிவிடும். முழுச் சாவியைக் கொண்டு இணைத்தால், திசையைக் குறிப்பிடாமல் வெறும் கார்வோன் என்று எழுதிய பழைய கட்டுரைகள் தனியே நின்றுவிடும். குர்க்குமினிலோ சிக்கல் தலைகீழானது. அதன் மூலக்கூறு கீட்டோ, ஈனால் என்ற இரு இயங்குச் சமநிலை மாற்றியங்களாக உள்ளது. ஒரு வேதியியலாளர் ஒன்றையும், மற்றொருவர் மற்றொன்றையும் வரைவர். பொருள் ஒன்றே, பதிவு இரண்டாகிவிடும். இம்பாட் முதற் பதிப்பில் மூலக்கூற்று ஒற்றுமையை அளக்கும் டானிமோட்டோ கெழு மீள்பதிவுகளை நீக்கப் பயன்படுத்தப்பட்டது. இரண்டாம் பதிப்பு திசை வேறுபாட்டையும் கணக்கில் கொண்ட தொகுப்பாக வெளியிடப்பட்டது.

மருத்துவப் பயனும் தாவர உறுப்பும்

மூன்றாவது அட்டவணையே மிகக் கடினமானது. காய்ச்சல், சுரம் ஆகிய இரு சொற்களையும் ஒன்றாக்கலாம். 'பித்தத்தைத் தணிக்கும்' என்ற குறிப்பை எந்த நோய்க்கு நேராக இடுவது? பித்தம் என்பது சித்த மருத்துவத்தின் முக்குற்றக் கோட்பாட்டில் பொருள் பெறும் சொல். அதைக் கல்லீரல் நோய் என்று மாற்றினால் கணினிக்கு வசதி. நூலாசிரியர் சொன்னது அதுவன்று. மருத்துவப் பயன்களைச் சீரமைக்க உலக நலவாழ்வு அமைப்பின் நோய் வகைப்பாடு போன்ற கட்டுப்படுத்தப்பட்ட சொற்றொகுதிகள் பயன்படுத்தப்படுகின்றன. அவ்வமைப்பு, ஆயுர்வேத, சித்த, யுனானிச் சொற்களுக்கான மரபு மருத்துவத்தின் இரண்டாம் தொகுதியை 2024 சனவரியில் புது தில்லியில் வெளியிட்டது. மரபுச் சொல்லை நவீனச் சொல்லாக மாற்றாமல் அதற்கே ஒரு குறியீடு தருவது இதன் சிறப்பு.

இரண்டாம் பதிப்பில் தாவரங்கள் இருமடங்குக்கு மேல் உயர்ந்தபோதும் மருத்துவப் பயன்களின் எண்ணிக்கை 1124இலிருந்து 1095 ஆகக் குறைந்தது கவனிக்கத்தக்கது. ஒருங்கிணைப்பில் எண்ணிக்கை குறைவது எப்போதும் இழப்பன்று; ஒரே பொருளுடைய சொற்கள் இணையும்போதும் அது குறையும்.

இரண்டாம் பதிப்பின் மற்றொரு மாற்றம் பயனுக்கு நேரடியானது. முதற் பதிப்பு ஒரு சேர்மம் ஒரு தாவரத்தில் உள்ளது என்று மட்டும் கூறியது. இரண்டாம் பதிப்பு அது வேரிலா, இலையிலா, விதையிலா என்பதையும் தருகின்றது. இலையைப் பயன்படுத்தும் மருந்துக்கு வேரிலுள்ள சேர்மத்தைக் காரணம் காட்டும் தவறு இதனால் தவிர்க்கப்படுகின்றது.

இத்தகைய தொகுப்பிலிருந்து கணக்கீட்டு முறையில் மருந்துக்குரிய சேர்மங்களைத் தெரிவு செய்யலாம். 2020இல் இதே குழுவினர், கொரோனா தீநுண்மி மனித உயிரணுவுக்குள் நுழையத் துணைபுரியும் மனிதப் புரதங்களுக்கு எதிராகத் தாவர வேதிப்பொருள்களைக் கணினியில் சோதித்தனர். கணினித் தெரிவு என்பது ஆய்வகச் சோதனைக்கு எதை முதலில் எடுக்கலாம் என்ற வரிசைதான். மருந்து என்ற முடிவன்று.

புரோதெர்ம்: ஒரு குறியின் பொருள்

பெயர்கள் ஒத்துப்போன பின்னரும் எண்கள் முரண்படலாம் என்பதற்கு இரண்டாவது எடுத்துக்காட்டு புரோதெர்ம். புரதங்களில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் அவற்றின் வெப்ப நிலைப்பு எவ்வாறு மாறுகின்றது என்ற சோதனை முடிவுகளின் தொகுப்பு இது. எம். மைக்கேல் குரோமிகாவும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சப்பானில் உருவாக்கி 1999இல் வெளியிட்டனர். அவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்த பின்னர், அங்குள்ள அவரது குழு இதனைப் புதுப்பித்து 2021இல் புரோதெர்ம்டிபி என்ற பெயரில் வெளியிட்டது. பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்த இப்பதிப்பில் 31,500க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. முந்தையதைவிட இது 84 விழுக்காடு மிகுதி.

நிலைப்பு மாற்றத்தைக் கணக்கிட, மாற்றப்பட்ட புரதத்தின் ஆற்றல் மதிப்பிலிருந்து இயல்பான புரதத்தின் மதிப்பைக் கழிக்கலாம், மறுதலையாகவும் கழிக்கலாம். புரதம் மடிவதற்கான ஆற்றலை எடுத்துக்கொள்ளலாம். விரிவதற்கான ஆற்றலையும் எடுத்துக்கொள்ளலாம். எந்த வழக்கை ஒரு கட்டுரை பின்பற்றியது என்பதைப் பொறுத்து, கூட்டல் குறியுடன் 2 என்ற எண் புரதம் உறுதியானதையும் குறிக்கலாம், தளர்ந்ததையும் குறிக்கலாம். சில கட்டுரைகள் கிலோகலோரியிலும், சில கிலோசூலிலும் எழுதுகின்றன. ஒன்று மற்றொன்றின் 4.184 மடங்கு. பல பத்தாண்டுகளின் கட்டுரைகளைத் தொகுத்த பழைய புரோதெர்மில் குறி, அலகுப் பிழைகள் இருந்ததைப் பல குழுக்கள் சுட்டிக்காட்டியுள்ளன. அத்தரவைக் கொண்டு பயிற்சியளிக்கப்பட்ட முன்கணிப்பு நிரல்கள் அப்பிழைகளையும் சேர்த்துக் கற்றன. 2021இல் வேறு நாடுகளிலிருந்தும் இதே தரவுகளை மீளச் சரிபார்த்த தளங்கள் வெளிவந்தன. ஒரு தொகுப்பு பலராலும் பயன்படுத்தப்படுவதால்தான் அதன் பிழைகளும் கண்டறியப்படுகின்றன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இங்கு எளிய சோதனை ஒன்று உண்டு. 99ஆம் இடத்திலுள்ள லியூசின் அலனைனாக மாற்றப்பட்டது என்று ஒரு பதிவு கூறினால், அப்புரதத்தின் வரிசையில் 99ஆம் இடத்தில் உண்மையில் லியூசின் உள்ளதா என்று நிரல் பார்க்கலாம். புரதத் தரவு வங்கியின் எண் வரிசையும் யூனிபுரோட்டின் எண் வரிசையும் பல புரதங்களில் ஒத்துப்போவதில்லை. இச்சோதனை அதை உடனே காட்டிவிடும். பெயர்களை நம்பாமல் பொருளின் இயல்பைக் கொண்டே பதிவைச் சோதிக்கும் வழக்கத்துக்குச் சென்னையில் ஒரு முன்னோடி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் உடன் ஆய்வாளர்களும் 1963இல் வெளியிட்ட இராமச்சந்திரன் வரைபடம், புரதச் சங்கிலியின் எந்தத் திருப்பங்கள் இயலும், எவை இயலா என்பதைக் காட்டுகின்றது. புரதத் தரவு வங்கியில் சேரும் அமைப்புகளின் தரத்தைச் சோதிக்க அது இன்றும் பயன்படுகின்றது.

தவறாக இணைப்பதன் விளைவு

இணைக்காமல் விட்டால் சில விடைகள் கிடைக்காமல் போகும். தவறாக இணைத்தால் இல்லாத விடை கிடைக்கும். இரண்டாவது பன்மடங்கு தீங்கானது; ஏனெனில் அவ்விடை அடுத்த தளத்துக்குத் தரவாகச் செல்கின்றது. புதிய புரத வரிசை ஒன்றுக்கு, அதனை ஒத்த பழைய வரிசையின் செயற்பாட்டையே நிரல் எழுதிவைக்கும். பழையது தவறென்றால் புதியதும் தவறு. 37 நொதிக் குடும்பங்களை எடுத்துக்கொண்டு 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மனிதர் படித்துத் தொகுத்த சுவிஸ்-புரோட்டில் இத்தகைய பிழை ஏறத்தாழ இல்லை என்றும், தானியங்கியாகக் குறிக்கப்பட்ட தளங்களில் அது மிகுந்திருந்தது என்றும் கண்டது.

இதற்கு மாற்றாக ஒவ்வொரு கூற்றுடனும் அது எங்கிருந்து வந்தது என்ற ஆதாரத் தடத்தைச் சேர்த்து வைப்பது வலியுறுத்தப்படுகின்றது. எந்த நூல், எந்தக் கட்டுரை, மூலத்தில் இருந்த சொல் எது, அதை மாற்றியது யார் என்பவை இருந்தால் தவறான இணைப்பைப் பின்னர் பிரித்துவிடலாம். மூலச் சொல்லை அழித்துவிட்டு ஏற்கப்பட்ட பெயரை மட்டும் வைத்திருக்கும் அட்டவணையைப் பிரிக்க இயலாது. பற்பாடகம் என்று நூலில் இருந்ததை மொல்லுகோ என்று மட்டும் எழுதிவைத்தால், அது தமிழக நூலா கேரள நூலா என்று திரும்பிப் பார்க்கும் வாய்ப்பே போய்விடுகின்றது. 2016இல் வெளியிடப்பட்ட ஃபேர் கொள்கைகள், தரவு கண்டறியத்தக்கதாகவும், அணுகத்தக்கதாகவும், பிறவற்றுடன் இணையத்தக்கதாகவும், மறுபயன்பாட்டுக்கு உரியதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. இவற்றுள் இறுதி இரண்டும் ஆதாரத் தடமின்றிப் பெயரளவானவையே.

இந்தியாவில் பிற முயற்சிகள்

காயங்களை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூற்சான்றுகளைக் காட்டி எதிர்த்ததால் அது 1997இல் நீக்கப்பட்டது. சான்று இல்லாமல் இல்லை. காப்புரிமை ஆய்வாளர் தேடும் மொழியிலும் வகைப்பாட்டிலும் அது இல்லை. இதன் தொடர்ச்சியாக 2001இல் மரபு அறிவு எண்ணிம நூலகப் பணி தொடங்கப்பட்டது. சித்த, ஆயுர்வேத, யுனானி நூல்களிலுள்ள மருந்து முறைகள், பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டை ஒட்டி அமைத்த பகுப்பின் கீழ், ஆங்கிலம், செருமன், பிரெஞ்சு, எசுப்பானியம், சப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் தரப்படுகின்றன. நெடுங்காலம் காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டுமே திறந்திருந்த இந்நூலகத்தைப் பிற பயனர்களுக்கும் திறக்க 2022 ஆகத்தில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

உயிரியல் ஆய்வுத் தரவுகளைச் சேமிப்பதற்கான இந்திய உயிரியல் தரவு மையம் 2022இல் அரியானா மாநிலத்தின் பரிதாபாத்தில் நிறுவப்பட்டது. இந்திய மரபணுத்தொகுதித் திட்டத்தின் கீழ் வரிசைப்படுத்தப்பட்ட பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத்தொகுதித் தரவுகள் இம்மையத்தில் வைக்கப்பட்டு, 2025 சனவரியில் ஆய்வாளர்களுக்கு நெறிமுறைகளின்படி வழங்குவதற்காக வெளியிடப்பட்டன.